திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்மொழியில் ஒப்பீட்டுத் தொடர்கள்: இந்தோனேசிய மொழியுடன் ஓர் ஒப்புநோக்கு

தமிழ்ப் பெயரடைகள் ஒப்பீட்டிற்கென்று வடிவம் மாறுவதில்லை. ‘பெரிய’ என்பது எத்தனை பொருள்களோடு ஒப்பிடப்பட்டாலும் ‘பெரிய’ என்றே நிற்கும். ஒப்பீட்டுப் பொருளைச் சுமப்பது ஒப்பிடப்படும் பெயரைத் தொடரும் உருபோ சொல்லுருபோ ஆகும்.

பழைய இலக்கணங்கள் இப்பணியை ஐந்தாம் வேற்றுமைக்கு அளித்தன. நன்னூல் அதற்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது எனப் பொருள் கூறுகிறது. ‘பஞ்சின் மெல்லிது இந்நூல்’ என்றால் பஞ்சைப் போன்று மெல்லியது என்றும், பஞ்சினும் மெல்லியது என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. உரையாசிரியர்கள் உவமப்பொரு, உறழ்பொரு எனப் பிரித்துக் காட்டியது இதனையே. இக்காலத் தமிழில் ‘விட’, ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’ ஆகியவை இரண்டாம் வேற்றுமையேற்ற பெயரின்பின் வந்து இவ்வையத்தை நீக்கிவிட்டன. மூன்றும் விடு, காட்டு, பார் என்னும் வினைகளிலிருந்து பிறந்தவை.

இந்தோனேசிய மொழியிலும் பெயரடை மாறுவதில்லை. ‘ஹாலுஸ்’ (மெல்லிய) என்பதன் முன் ‘லெபி’ (மேலும்) என்ற சொல்லும், ஒப்பிடப்படும் பெயரின் முன் ‘தாரிபாடா’ என்ற முன்னிடைச்சொல்லும் வரும். ‘தாரி’ என்பது ‘இலிருந்து’ என நீங்கற்பொருள் தருவது. ஆகவே அதன் அடிப்படை நம் ஐந்தாம் வேற்றுமைக்கு நெருங்கியது. வேறுபாடு ‘லெபி’யில் உள்ளது. அம்மொழியில் மிகுதியைக் குறிக்கத் தனிச்சொல் வழக்கமாக வருகிறது. தமிழில் ‘இதைவிட அது மெல்லிசு’ என்பதே போதும். உச்சநிலைக்கு இந்தோனேசியம் ‘பாலிங் ஹாலுஸ்’ எனத் தனிச்சொல்லாலும் ‘தெர்ஹாலுஸ்’ என முன்னொட்டாலும் கூறும். தமிழ் ‘ஊரிலேயே பெரிய கம்பெனி’ என ஏழாம் வேற்றுமையுடன் தேற்ற ஏகாரத்தைச் சேர்க்கிறது. இங்கு அக்கம்பெனியும் ஊரிலுள்ள கம்பெனிகளுள் ஒன்று. ‘விட’ வரும்போதோ ‘மற்ற கம்பெனிகளை விட’ என அதனை விலக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் இவ்விலக்கணம் நூலின் கவுண்டிலும் துணியின் ஜிஎஸ்எம்மிலும் அன்றாடம் சோதிக்கப்படுகிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே கவுண்ட். 30ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 25,200 கஜமும் 40ஆம் நம்பரில் 33,600 கஜமும் நீளம் இருக்கும். எனவே எண் கூடக்கூட நூல் மெலியும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர்த் துணியின் கிராம் எடை. அங்கே எண் கூடினால் துணி கனக்கும். ‘இதைவிடக் கூடுதலா வேணும்’ என்ற ஒரே தொடர் நூல்கடையில் மெல்லியதையும், நிட்டிங்கில் கனத்ததையும் குறித்துவிடும். எண் ஒப்பிடப்படுகிறதா, பண்பு ஒப்பிடப்படுகிறதா என்பதைத் தொடர் சொல்வதில்லை, இடமே சொல்கிறது.

அந்த இடத்தின் பழக்கம் இல்லாதோர் இன்று பனியன் கம்பெனிகளில் மிகுதி. இந்தி பேசுவோர்க்கு ‘ஸே’ என்னும் நீங்கல் உருபே ஒப்பீட்டுக்கும் உரியது. உச்சநிலைக்கு ‘எல்லாவற்றிலிருந்தும்’ என்னும் பொருள்பட ‘ஸப்ஸே’ என்பர். வங்காளியின் ‘சேயே’, பார்த்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது; ‘பார்க்கிலும்’ பிறந்த வழியும் அதுவே. ஆகவே ‘அதைவிட’ என்பதைக் கற்பது இவர்களுக்குப் பெருந்தடையன்று.

தடை, ஒப்பீட்டுச் சொல்லே இல்லாத தொடர்களில்தான். ‘தையலைக் கூட்டு’ என்கிறார் சூப்பர்வைசர். ஆர்டர் தாளில் உள்ளது ஓர் அங்குலத்திற்கு இத்தனை தையல் என்னும் கணக்கு. பவர் மெஷினின் திருகியில் உள்ளது ஒரு தையலின் நீளம். அங்குலத்திற்கு 10 தையல் என்றால் ஒரு தையல் 2.54 மி.மீ.; 12 என்றால் ஏறத்தாழ 2.1 மி.மீ. சொன்னபடியே திருகியைக் கூட்டிய தொழிலாளி தையலின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அதனைப் பிரித்துத் தைக்கும் நேரம் கூலியில் சேராமலும் போகலாம். ‘தையலை நெருக்கமாக வை’ என்று பண்பைப் பெயரிட்டுச் சொல்லும்போது இச்சிக்கல் எழுவதில்லை. சில லைன்களில் அதுவும் சொல்லப்படாமல், மாதிரித் துண்டொன்று மெஷின்மேல் ஒட்டப்பட்டிருக்கும்.