பிள்ளைக்கு ஹெட்போன் வாங்குகிறீர்களா? முதலில் காதைக் கவனியுங்கள்!

இன்று நம் வீடுகளில் ஆளுக்கொரு ஹெட்போன் இருக்கிறது. மகனுக்குக் கணினி விளையாட்டு, மகளுக்குப் பாட்டும் படிப்பும், அப்பாவுக்கு வேலைக்குப் போகும் ரயில் பயணம், அம்மம்மாவுக்கு ஊரில் இருப்பவர்களுடன் கதைப்பது என்று எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது. நத்தார் விடுமுறை நெருங்கும்போது, "நல்ல ஹெட்போன் வேண்டும், அதற்கு ஆம்ப்ளிபயரும் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். விலையைப் பார்த்து நாம் திகைத்து நிற்போம்.

இதை ஏன் நலவாழ்வுப் பகுதியில் எழுதுகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். எந்த ஹெட்போனை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே, எவ்வளவு சத்தம் வைத்துக் கேட்கிறோம் என்பதும் அமைகிறது. குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்க வைக்கும் ஹெட்போன்தான் நல்ல ஹெட்போன்.

காதுக்குள் நடப்பது என்ன?

நமது உட்காதில் நத்தை ஓட்டின் வடிவில் ஒரு சிறு உறுப்பு உண்டு. அதில் காது ஒன்றுக்குச் சுமார் 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை இவையே. அதிக சத்தத்தால் இவை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் வலியும் இருக்காது என்பதால் பாதிப்பு நமக்குத் தெரியவே தெரியாது. முதலில் கீச்சொலிகள் மங்கும். "ச", "ஸ" போன்ற எழுத்துகள் பிடிபடாது. பேசுவது கேட்கும், ஆனால் சொல் விளங்காது. சிலருக்குக் காதில் ஓயாத இரைச்சலும் வந்துவிடும்.

எவ்வளவு சத்தம், எத்தனை மணி நேரம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிமையானது. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான் அளவு. சத்தம் 3 டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், பெரியவர்கள் 83 டெசிபலில் வாரம் 20 மணி நேரமும், 89 டெசிபலில் 5 மணி நேரமும் கேட்கலாம். 95 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்!

"85 டெசிபலுக்கு மேல் போகாது" என்று பெட்டியில் அச்சிட்ட சிறுவர் ஹெட்போன்கள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கலாம், நல்லதே. ஆனால் பிள்ளைகளுக்கான கணக்குப்படி 85 டெசிபலில் வாரம் சுமார் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு. எனவே அதை மாட்டிவிட்டு நாள் முழுக்க விட்டுவிட முடியாது.

விளையாட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டு ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில், 50,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை வெளிவந்தது. சுடும் விளையாட்டுகளில் வெடிச்சத்தம் நொடிப்பொழுதில் 119 டெசிபல் வரை எழலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. பாட்டென்றால் நாலைந்தைக் கேட்டுவிட்டு எழுந்து விடுவோம். விளையாட்டில் அமர்ந்த பிள்ளை மணிக்கணக்கில் எழும்புவதில்லை.

எந்த வகையை வாங்குவது?

காதை முழுவதும் மூடும் வகை: வெளிச்சத்தத்தை ஓரளவு தடுக்கும். பலர் இருக்கும் வீட்டுக்கும் பயணத்துக்கும் ஏற்றது.

பின்பக்கம் திறந்த வகை: ஒலி விசாலமாகக் கேட்கும், காது வியர்க்காது, அம்மா கூப்பிடுவதும் கேட்கும். அமைதியான அறைக்கு மிக நல்லது. ரயிலில் பயன்படாது.

இரைச்சல் நீக்கும் வகை: லண்டன் நிலக்கீழ் ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். ரயில், விமானம் ஆகியவற்றின் தொடர்ந்த உறுமலை இது குறைப்பதால், அதற்கு மேலாகப் பாட்டைக் கூட்டிவைக்கத் தேவையில்லை. ஆனால் தெருவைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

காதுக்குள் செருகும் வகை: உங்கள் காதுக்குப் பொருந்தும் ரப்பர் முனையைத் தேர்ந்தெடுங்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் அடித்தொனி கேட்காது. உடனே கை சத்தத்தைக் கூட்டப் போகும்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் கம்பி உள்ளது, அல்லது யூ.எஸ்.பி. துண்டுடன் வரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வகை நல்லது. சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். எதிராளியின் காலடிச் சத்தம் கேட்கவில்லை என்று பிள்ளைகள் மொத்தச் சத்தத்தையும் கூட்டுவார்கள். அதற்குப் பதில் விளையாட்டின் ஒலி அமைப்புக்குள் சென்று இசையைக் குறைக்கச் சொல்லுங்கள். பல விளையாட்டுகளில் "இரவு நிலை" என்ற அமைப்பும் உண்டு. அது வெடிச்சத்தத்தை அடக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிக் காட்டும்.

ஆம்ப்ளிபயர் அவசியமா?

பெரும்பாலான வீடுகளுக்கு அவசியமில்லை. பெட்டியில் "ஓம்" என்ற அளவைப் பாருங்கள். 16 முதல் 32 ஓம் வரையானால் தொலைபேசியும் மடிக்கணினியுமே போதும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் 250, 300, 600 ஓம் ஹெட்போன்களுக்கே தனி ஆம்ப்ளிபயர் தேவைப்படலாம். கணினியில் "உஸ்" என்ற இரைச்சல் வந்தாலோ, தொலைபேசியில் கம்பி செருகும் துளை இல்லாவிட்டாலோ, ஒரு சிறிய யூ.எஸ்.பி. ஒலிமாற்றி வாங்கினால் சரியாகிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹெட்போனுக்கு 10 மில்லிவாட் கொடுத்தால் 110 டெசிபல் வரும். கடையிலோ 1000 மில்லிவாட் ஆம்ப்ளிபயரைப் பெருமையாக விற்கிறார்கள்! ஐரோப்பியத் தர விதிப்படி கையடக்க இசைக் கருவிகள் 85 டெசிபலைத் தாண்டும்போது எச்சரிக்க வேண்டும், 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. மேசையில் வைக்கும் ஆம்ப்ளிபயருக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் வாங்கினால் "கெயின்" விசையைக் குறைந்த நிலையில் வையுங்கள். சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிய பிறகே மெல்லக் கூட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

- அமைதியான அறையில் சத்தத்தின் அளவைத் தீர்மானித்து, அதற்கு மேல் கூட்டாதீர்கள். பாதியளவில் தொடங்குவது நல்லது.
- ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் கழற்றி வையுங்கள்.
- ஐபோனில் ஒலி அமைப்புக்குள் ஹெட்போன் பாதுகாப்பு என்ற பகுதியில் உச்ச டெசிபலைக் கட்டுப்படுத்தலாம். பிள்ளையுடன் சேர்ந்தே அதைச் செய்யுங்கள்.
- ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்று நீங்கள் சாதாரணமாகப் பேசுவது, திறந்த வகை ஹெட்போன் போட்ட பிள்ளைக்குக் கேட்கவில்லையென்றால் சத்தம் அதிகம்.

கழற்றிய பின் காதில் இரைச்சல், தொலைக்காட்சியைக் கூட்டி வைப்பது, "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவை எச்சரிக்கைகள். உங்கள் ஜீ.பி.யிடம் சொன்னால் என்.எச்.எஸ். மூலம் இலவசமாகச் செவிப் பரிசோதனைக்கு அனுப்புவார். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் நாட்களைக் கடத்தாமல் அன்றே 111க்கு அழையுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இந்த முறை பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போகும்போது, "இது எவ்வளவு சத்தம் போடும்?" என்று கேட்காமல், "எவ்வளவு குறைத்து வைத்தாலும் தெளிவாகக் கேட்குமா?" என்று கேட்டு வாங்குங்கள்.