சராசரி 50 பாயிண்ட்... ஆனாலும் அவார்டு இல்லை!

கூடைப்பந்தில் ஒரே ஒரு மேட்ச்சில் 50 பாயிண்ட் அடித்தாலே மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். ஒரு ஸீஸன் முழுக்க, மேட்ச்சுக்கு சராசரி 50 பாயிண்ட் அடித்தால்? ‘இந்த வருஷத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ விருதை வீடு தேடி வந்து கொடுப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்?

கொடுக்கவில்லை ஸார்!

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 1961-62 ஸீஸன். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸின் ஏழடி ராட்சஸர் வில்ட் சேம்பர்லெயின், மேட்ச்சுக்கு சராசரியாக 50.4 பாயிண்ட் அடித்தார். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிக்கும் ‘ரீபவுண்டு’ 25.7. ஆட்டமே 48 நிமிஷம்தான். மனிதர் ஆடியது சராசரி 48.5 நிமிஷம்! டிரா ஆனால் தருகிற எக்ஸ்ட்ரா டைமையும் விட்டுவைக்கவில்லை. போதாக்குறைக்கு, 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே மேட்ச்சில் 100 பாயிண்ட்.

அவார்டு யாருக்குப் போயிற்று தெரியுமா? 18.9 பாயிண்ட் சராசரி வைத்திருந்த பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலுக்கு! அநியாயம் என்று கொதிக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டவர்கள், அந்த இரண்டு பேரையும் எதிர்த்து ஆடி மூச்சு வாங்கிய சக ஆட்டக்காரர்கள்தான்.

அவர்கள் பார்த்த ரஸ்ஸல் வேறு. எதிராளி எறிகிற பந்தை அந்தரத்திலேயே தடுப்பது அவர் வேலை. ஆனால், ‘பிளாக்’ எனப்படும் அந்தத் தடுப்பை என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973-74 ஸீஸனில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ரிட்டயர்டு! வாழ்நாள் பூரா செய்த முக்கியமான வேலை ரிஜிஸ்தரில் ஏறவேயில்லை. ஆனால், டீமின் கணக்கில் தெரிந்தது. அந்த ஸீஸனின் 80 மேட்ச்சில் செல்டிக்ஸ் ஜெயித்தது 60, வாரியர்ஸ் 49.

ஆபீஸில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? முடித்த ஃபைல்களை எண்ணி இன்க்ரிமென்ட் போட்டால், பக்கத்து ஸீட்காரரின் தப்பைச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுக்கிற ஆசாமிக்கு என்ன கிடைக்கும்? ஒரு டீ. அதுவும் ஸிங்கிள்!

எத்தனை சான்ஸ்?

சேம்பர்லெயினின் அந்த 25.7 ரீபவுண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அப்போது ஒரு டீம் மேட்ச்சுக்கு சுமார் 108 முறை கூடையை நோக்கி எறியும். அதில் 62 தவறும். 2023-24 ஸீஸனில் எறிவது சுமார் 89, தவறுவது 47. தவறினால்தானே ரீபவுண்டு? ஆக, அன்றைக்கு மழை அதிகம். குடமும் சீக்கிரம் நிறைந்தது. அவர் பெரிய ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால், அன்றைய 25-ஐயும் இன்றைய 13-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அவர் இல்லாவிட்டால்?

2004-05 ஸீஸனில் விருது வாங்கிய ஸ்டீவ் நாஷின் சராசரி வெறும் 15.5 பாயிண்ட். இதற்கா அவார்டு என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஆனால் முந்தின ஸீஸனில் 29 மேட்ச் ஜெயித்த ஃபீனிக்ஸ் சன்ஸ், அவர் வந்ததும் ஜெயித்தது 62! அவர் ஆடிய 75 மேட்ச்சில் 60 வெற்றி. ஆடாத 7-ல் இரண்டே இரண்டு. ஏழு மேட்ச்சை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஒரு பருக்கை பதம் சோற்றுக்குச் சரி, விளையாட்டுக்குச் சரிவராது.

அதனால் வந்ததுதான் ‘பிளஸ்-மைனஸ்’. ஒருவர் களத்தில் நிற்கும்போது டீம் எத்தனை பாயிண்ட் முந்தியது, பிந்தியது என்கிற கணக்கு. இதிலும் ஒரு வில்லங்கம்... நாதஸ்வர வித்வானுக்கு விழும் கைதட்டலில் பக்கத்திலிருக்கும் ஒத்துக்காரருக்கும் பங்கு போய்விடும்! அதனால் களத்தில் நிற்கும் மற்ற ஒன்பது பேரின் தரத்தையும் கழித்துப் பார்க்கிற பெரிய கணக்குகள் பிறகு வந்தன.

எண்ணியது யார்?

1987-88-ல் மைக்கேல் ஜோர்டன் ‘சிறந்த தடுப்பு ஆட்டக்காரர்’ விருது வாங்கினார். எதிராளியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறிக்கும் ‘ஸ்டீல்’ அந்த ஸீஸனில் 259. இதில் சொந்த ஊர் சிகாகோவில் எடுத்தது 165, வெளியூர்களில் 94. இரண்டு பக்கமும் ஆளுக்கு 41 மேட்ச்! ஸ்கோர் எழுதுகிறவர்களோ உள்ளூர்க்காரர்கள். பல வருஷம் கழித்து, 2024-ல் ஒரு பத்திரிகையாளர் இதைத் தோண்டியெடுக்க, பெரிய விவாதமே கிளம்பியது. ஜோர்டனின் திறமை அப்படியேதான் இருக்கிறது. பேனா பிடித்த கைமேல்தான் சந்தேகம்.

‘எவனோ பந்து போடறான், எவனோ கப்பு வாங்கறான், நமக்கென்ன?’ என்கிறீர்களா? ஆடுகிறவருக்கு இது சம்பளப் பிரச்னை ஸார்! இப்போது ஓட்டுப் போடுவது பத்திரிகை, டி.வி. ஆட்கள் 100 பேர். 2020-21-ல் சிறந்த 15 பேர் பட்டியலில் பாஸ்டனின் ஜேஸன் டேட்டம் இடம்பெறவில்லை. அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் சம்பளம் கூடும் என்று அவர் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. வராததால் போனது, ஐந்து வருஷத்தில் 3 கோடி டாலருக்கும் மேல்!

இவ்வளவு பணம் கைமாறுகிற இடத்தில், ‘எனக்கு அவரைத்தான் பிடிக்கும்’ என்று ஓட்டுப் போடுவது நியாயமில்லை, கணக்கு வேண்டும். ஆனால் கணக்கை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை சான்ஸில் வந்த நம்பர் இது? எண்ணியது யார்? எண்ணாமல் விட்டது என்ன?

மூன்றாவது கேள்வியை 1962-லேயே கேட்டவர்கள் அந்த ஆட்டக்காரர்கள். அவர்கள் கையில் கம்ப்யூட்டர் இல்லை. ரஸ்ஸல் தட்டிவிட்ட பந்துகளைப் பொறுக்கியெடுத்த அனுபவம் மட்டும் இருந்தது!