காட்டை எங்கே வைத்துக் கற்பிப்பது?

காடு கற்றவர்கள் – 9

1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ், அதற்கு முன் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். காட்டில் எவ்வளவு தேக்கு நிற்கிறது என்று தெரியாமல் எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும். மூங்கில் அடர்ந்த அந்த முகடுகளில் யானை மேலேறித்தான் போக முடியும். யானை முதுகில் ஆடிக்கொண்டே நோட்டில் எழுத முடியாது. ஆகவே ஒரு கையில் சில குச்சிகள், மறு கையில் பேனாக்கத்தி. மரத்தின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு குச்சி. வழியோரத்தில் குறித்த தூரத்துக்குள் தேக்கு கண்ணில் பட்டால், அதன் பருமனுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. சில மைல் போனதும் அந்தக் குச்சிகளைப் பத்திரப்படுத்திவிட்டு வேறு குச்சிகள். ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்ற வரம்பை இந்தக் கணக்கை வைத்துத்தான் அவர் வகுத்தார்.

1864-ல் அவர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனதையும், 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அதிகாரி பிராண்டிஸைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. காட்டில் காலங்காலமாக ஆடு மாடு மேய்த்தவர்களையும் விறகு பொறுக்கியவர்களையும் வெளியே நிறுத்திய சட்டங்களின் கதையில் அவருக்கும் இடம் உண்டு. அதைத் தனியாக எழுதுவேன். இந்த வாரம் ஆசிரியர் பிராண்டிஸ் மட்டும்.

ஓய்வு பெற்று பான் திரும்பிய பிறகும் அவர் கற்பிப்பதை விடவில்லை. வனவியல் படிக்க வரும் இளைஞர்களை ஜெர்மனியின் காடுகளுக்கு அழைத்துப்போய், நடந்தபடியே பாடம் சொன்னார். அவரைத் தேடி அமெரிக்காவிலிருந்து வந்தவர் கிஃபர்ட் பின்ஷோ. அவரை பிரான்ஸின் நான்சி வனப் பள்ளிக்குப் போகச் சொன்னவர் பிராண்டிஸ்தான். பின்னாளில் அமெரிக்க வனத்துறையை உருவாக்கிய பின்ஷோவின் குடும்பம் கொடுத்த நன்கொடையில்தான் 1900-ல் யேல் பல்கலைக்கழகத்தின் வனப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஹென்றி கிரேவ்ஸும் பிராண்டிஸின் வழிகாட்டலில் படித்தவர். பெகுவின் காடுகளில் யானை மேல் உட்கார்ந்து உருவான பாடம் இப்படித்தான் அட்லாண்டிக்கைத் தாண்டியது.

பிராண்டிஸ் பரிந்துரைத்து அமெரிக்கா போன இன்னொருவர் கார்ல் ஷெங்க். வட கரோலினாவில் பில்ட்மோர் எஸ்டேட்டின் காடுகளைப் பார்த்துக்கொள்ளப் போனவர், 1898-ல் அங்கேயே ஒரு வனப் பள்ளியைத் தொடங்கினார். காலையில் வகுப்பு. பிற்பகலில் மாணவர்கள் குதிரையேறி ஷெங்கின் பின்னால் காட்டுக்குள் போக வேண்டும். காலையில் கேட்டதைப் பிற்பகலில் மரத்தடியில் நின்று பார்த்துவிடலாம். அந்த வேலையை இழந்த பிறகும் அவர் பள்ளியை மூடவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காடு காடாக அலைந்தபடி 1913 வரை நடத்தினார். கட்டடம் போனாலும் பள்ளி தொடர்ந்தது, பாடம் காட்டில் இருந்ததால்.

இந்த மரபில் வந்த ஒருவரிடம்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். ஆல்டோ லியோபோல்ட், 1909-ல் யேல் வனப் பள்ளியில் பட்டம் பெற்று, அரிசோனா, நியூ மெக்ஸிகோ காடுகளில் வேலைக்குப் போனவர். மான் பெருக வேண்டும் என்றால் ஓநாய் ஒழிய வேண்டும் என்பது அன்றைய வனத்துறையின் நம்பிக்கை. அவரும் அப்படித்தான் நம்பினார், எழுதினார், சுட்டார். 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. காட்டு உயிர்களைப் பேணுவதற்கென்று ஏற்படுத்திய புதிய பதவி அது. 1935-ல் ஜெர்மனி போனார். அவருடைய ஆசிரியர்களின் ஆசிரியர்கள் போற்றிய காடுகளை நேரில் பார்த்தார். வரிசை பிடித்து நட்ட ஸ்ப்ரூஸ் மரங்கள், கீழே செடிகொடிகள் அற்ற தரை, தீவனம் போட்டு வளர்க்கும் மான் கூட்டம். மரக்கணக்கு மிகச் சரியாக இருந்த அந்தக் காட்டில் மற்ற உயிர்கள் அருகிப்போயிருந்ததை அவர் கண்டார். தான் படித்து வந்த படிப்பையே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

அதே ஆண்டு விஸ்கான்சின் ஆற்றங்கரையில், உழுது உழுது மண் செத்துப்போன ஒரு பண்ணையை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்த கோழிக்கொட்டகைதான் குடும்பத்தின் வார இறுதி வீடு. ஆயிரக்கணக்கில் பைன் கன்றுகளை நட்டார்கள். வறட்சியில் பெரும்பகுதி கருகியது, மறுபடி நட்டார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து எந்தப் பறவை எந்த வெளிச்சத்தில் முதலில் கூவுகிறது என்று ஒளிமானி வைத்து அளந்தார். எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது, எந்தப் பறவை எப்போது திரும்பி வந்தது என்று ஆண்டுதோறும் குறித்தார்.

பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய வனவுயிர்ச் சூழலியல் வகுப்புக்கு, அந்தத் துறையில் வேலைக்குப் போகாதவர்களும் வந்தார்கள். 1938-ல் மிசௌரியில் பேசியபோது, மாணவர்களுக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதை ஒரு கிராமத்துச் சாலையை வைத்து விளக்கினார். ஒரு பண்ணை வீட்டைக் கடந்து போகிறோம். முற்றத்து மரங்களையும் வயலின் மண்ணையும் பார்த்து, இது முன்பு புல்வெளியா காடா என்று சொல்ல வேண்டும். முன்பு இங்கே வளர்ந்து இப்போது இல்லாமல் போன செடிகள் எவை, ஏன் போயின? பூனையின் எலும்புகளை வரிசையாகப் பெயர் சொல்லத் தெரிந்த மாணவனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லையே என்பது அவருடைய வருத்தம். மனப்பாடத்துக்கு எதிராக எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். மாற்றாக எதைக் கேட்பது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியவர்கள் குறைவு.

அவருடைய மாணவர்களில் ஆல்பர்ட் ஹோக்பாம் ஓவியரும் கூட. கனடாவின் மனிடோபா சதுப்பு நிலத்தில் வாத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். லியோபோல்ட் தன் கட்டுரைகளைப் புத்தகமாக்க நினைத்தபோது, படம் வரைவதற்காகக் கையெழுத்துப் பிரதிகள் அவருக்குப் போயின. படித்துவிட்டு 1944-ல் ஹோக்பாம் எழுதிய கடிதங்களை ஆசிரியராக இருப்பவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். ஓநாய்கள் அழிந்ததைப் பற்றி வருந்தி எழுதுகிறீர்கள், அந்த அழிவில் உங்களுக்கும் பங்கு இருந்ததே, அது ஏன் கட்டுரைகளில் இல்லை என்று மாணவர் கேட்டார். பேராசிரியர் கோபிக்கவில்லை. அந்த ஏப்ரலில், இளமையில் தானும் கூட இருந்தவர்களும் சுட்ட ஒரு தாய் ஓநாயின் கண்ணில் பச்சைத் தீ அணைவதைப் பார்த்ததாகக் கட்டுரை எழுதினார். இன்று உலகெங்கும் சூழலியல் வகுப்புகளில் படிக்கப்படும் கட்டுரை அது. ஒரு மாணவர் கேட்டதால் எழுதப்பட்டது. ஆசிரியரின் தவறை ஆசிரியரிடமே சொல்லும் துணிவு எந்த வகுப்பில் வரும்? கூடவே சேற்றில் நடந்தவர்களுக்கு நடுவில்தான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

1948 ஏப்ரல் 21 அன்று, பக்கத்துப் பண்ணையில் பரவிய புல் தீயை அணைக்கப் போன இடத்தில் லியோபோல்ட் மாரடைப்பில் இறந்தார். புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. அவருடைய தேதிக் குறிப்புகளும் வீணாகவில்லை. மகள் நீனா பல ஆண்டுகளுக்குப் பின் அதே பண்ணைக்குத் திரும்பி, அப்பா குறித்த அதே பூக்களையும் பறவைகளையும் குறிக்கத் தொடங்கினார். இரண்டு தலைமுறைக் குறிப்புகளையும் ஒப்பிட்டு 1999-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது: பூப்பதும் பறவை வருவதுமாகப் பல நிகழ்வுகள் முன்பைவிட முன்னதாகவே நடக்கின்றன. பூமி சூடாவதற்கு அது சாட்சியானது.

இதையெல்லாம் படிக்கும்போது நம் கல்லூரிகளின் இ.வி.எஸ். என்ற சுற்றுச்சூழல் வகுப்புதான் என் நினைவில் நிற்கிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் தொடர்ச்சியாக, எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் சுற்றுச்சூழல் பாடம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன; அதில் 5 களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. பக்கத்துக் குளம், ஆறு, குன்று, புல்வெளி, மாசுபட்ட ஓரிடம், சாதாரணச் செடிகள், பூச்சிகள், பறவைகள் என்று எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்பதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். யோசித்து எழுதிய பாடத்திட்டம் அது. ஆனால் எத்தனை கல்லூரிகளில் களப்பணி வகுப்புகளுக்கு மாணவர்கள் வாசலைத் தாண்டுகிறார்கள்? பதிலாக வாங்கப்படுவது, படம் ஒட்டிய ஒரு ரெக்கார்ட் நோட்டு.

இ.வி.எஸ். நடத்துபவர் இயற்பியலோ வணிகவியலோ தமிழோ படித்தவராக இருப்பது ஒரு குறை என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சி இல்லாமல், வாரத்தில் மிஞ்சிய நேரத்தைக் கொடுத்து, மாணவர்களை வெளியே அழைத்துப்போக அனுமதிக்கும் பஸ்ஸுக்கும் அலைய விடுவதுதான் குறை. தமிழாசிரியருக்குத் திணைகளும் அவற்றின் மரங்களும் தெரியும். வணிகவியல் ஆசிரியருக்கு, குளத்து மீன் ஏலமும் ஏரி மண்ணின் விலையும் எப்படி நிர்ணயமாகின்றன என்று விளக்க முடியும். இவர்களோடு ஏரிக்கரைக்குப் போகும் மாணவர்கள் நிச்சயம் எதையாவது பார்ப்பார்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்லூரி வளாகத்தில் ஒரு சரக்கொன்றை, ஒரு வேம்பு, ஒரு புங்கை. துளிர் எப்போது, முதல் பூ எப்போது, காய் எப்போது என்று இந்த ஆண்டு இ.வி.எஸ். வகுப்பு குறிக்கட்டும், அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே நோட்டில் தொடரட்டும். ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் செய்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியிலாவது இப்படி ஒரு நோட்டு ஏற்கெனவே இருந்தால், அதை வைத்திருக்கும் ஆசிரியர் இந்தத் தொடருக்கு எழுத வேண்டும். வந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

அடுத்த வாரம் கோவை. 1912-ல் அங்கே தொடங்கிய வனக் கல்லூரியையும், அதற்கும் பத்தாண்டு முன்பே திறக்கப்பட்ட காஸ் அருங்காட்சியகத்தையும் பார்ப்போம்.

(தொடரும்)