தொகையும் உறுப்பின் வகையும்

எம்மிடம் ஆய்வு செய்யும் மாணாக்கர் ஒருவர் குறுந்தொகைக்குக் கணினி வழியாகச் சொல்லடைவு ஆக்கிக் கொணர்ந்தார். ஒரு சொல் பயிலும் பாட்டெண்கள் அதன்கண் 1, 10, 100, 2, 21, 3 என்னும் முறையில் நின்றன. கோப்பிலிருந்து படிக்கப்பெற்ற எண்கள் எழுத்துச்சரங்களாகவே இருந்தமையின், கணினி அவற்றை அகரநிரல் போல முதலெழுத்து நோக்கி அடுக்கிற்று. ஆயின் மாணாக்கரோ, "பட்டியலை எண்பட்டியலாக மாற்றிய பின்னரே வரிசைப்படுத்தினேன், பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை" என்றார். அவர் கூறியது உண்மையே. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதனை ஈண்டு விளக்குவாம்.

அவர் ஆண்ட மொழி ஜாவா. 2004-இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பில், தொகையின் உறுப்பு இன்ன வகையினது எனக் குறிக்கும் முறை புகுத்தப்பெற்றது. பழைய நிரல்களும் தடையின்றி இயங்கல் வேண்டுமென்று கருதி, அக்குறிப்பைத் தொகுப்பி சரிபார்த்த பின்னர் அழித்துவிடுமாறு அமைத்தனர். ஆகவே இயங்குநேரத்தில் பட்டியல் தன் உறுப்பின் வகையை அறியாது. மாணாக்கர் செய்தது பெயர்ச்சீட்டை மாற்றியதே. உள்ளிருந்த சரங்கள் சரங்களாகவே இருந்தன. தொகுப்பி ஓர் எச்சரிக்கை தந்திருக்கும். அதனைப் படிப்பவர் யார்! சரங்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கன ஆதலின் வரிசைப்படுத்தலும் தடையுறவில்லை. பின்னர் வேறோரிடத்தில் ஓர் உறுப்பை எடுத்துக் கூட்ட முற்பட்டபொழுதே நிரல் முறிந்தது. பிழை செய்த இடம் ஒன்று, வெளிப்பட்ட இடம் மற்றொன்று. இதுவே இம்முறையின் பெருங்குறை என்பது எம் கருத்து.

மாம்பழம் யாவும் பழமே. எனின், மாம்பழக் கூடையைப் பழக்கூடை எனக் கொள்ளலாமோ? எடுப்பார்க்கு இடரில்லை. பலாப்பழத்தை இடுவார்க்கு உண்டு. ஜாவாவின் அணிகள் இதனை இசைந்து, தகாததை இடும் அந்நொடியிலேயே தடுக்கின்றன. பட்டியல்களோ அவ்விசைவினைத் தொகுப்பி நிலையிலேயே மறுக்கின்றன. 2005-இல் இரண்டாம் பதிப்பாக வந்த சி-ஷார்ப் மொழி வகைக்குறிப்பை அழியாது இயங்குநேரத்திலும் காத்தலின், அங்குப் பெயர்ச்சீட்டு மாற்றம் செல்லாது.

அம்மொழியில் 'காஸ்ட்', 'ஆஃப்டைப்' என இரு கருவிகள் உள. முன்னது பொருந்தா உறுப்பைக் கண்டவுடன் நின்றுவிடும். பின்னது அதனை ஓசையின்றி விலக்கிச் செல்லும். சரப்பட்டியலைப் பின்னதன் வழி எண்ணாக்க முயன்றால் வெறும்பட்டியலே எஞ்சும். இரண்டும் தெரிந்தெடுப்பனவேயன்றி உருமாற்றுவன அல்ல.

உண்மையான மாற்றமாவது, புதியதொரு பட்டியலை அமைத்து, ஒவ்வொரு சரத்தையும் படித்து எண்ணாக்கி அதன்கண் இடுதலேயாம். மாணாக்கர் அவ்வாறே செய்தார்; நிரல் முதல் உறுப்பிலேயே நின்றது. அங்கே 'க.வா.' என்றிருந்தது, கடவுள் வாழ்த்துக்கு அவர் இட்ட குறியீடு அது. அதனை விலக்கிச் செல்லலாம் என்றார் அவர். யாம் இசைந்திலேம், விலக்கின், பெருந்தேவனார் பாட்டின் சொற்கள் இடம்சுட்டப்படாது ஒழியும், அஃது ஒழிந்ததென்பதும் தெரியாது. முடிவில் அதற்குச் சுழியை எண்ணாகக் கொடுத்து, அச்சிடுங்கால் மட்டும் பழைய குறியீட்டை மீட்டமைத்தோம். இப்பொழுது அடைவு கடவுள் வாழ்த்தில் தொடங்கி 1, 2, 3 என முறையே செல்கின்றது.