புள்ளி நாய்க்குக் காது கேட்கிறதா?

வெள்ளை உடம்பு. அதில் பொட்டு வைத்தது போல் கறுப்புப் புள்ளிகள். இதுதான் டால்மேஷியன் நாய். ஒரு காலத்தில் பிரிட்டனில் பணக்காரர்களின் குதிரை வண்டிகளோடு கூடவே ஓடி வந்தது. 1961-ல் வால்ட் டிஸ்னி கம்பெனியின் கார்ட்டூன் படம் வந்தது. குழந்தைகளுக்கு இந்த நாய் செல்லமாகிவிட்டது.

இவ்வளவு அழகான நாய்க்கு ஒரு குறை உண்டு. பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை!

அமெரிக்காவில் 5 ஆயிரத்து 333 டால்மேஷியன்களைச் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 8 நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. நூற்றுக்கு 22 நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை.

வெள்ளை நிறமே வினை

தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் காதுக்கு ரத்த ஓட்டம் குன்றும். ஓசையை உணரும் நுண்ணிய அணுக்கள் செத்துவிடும். குட்டி பிறந்து 3, 4 வாரங்களில் இது நடந்துவிடுகிறது.

நீலக் கண் உள்ள டால்மேஷியன்களிடம் இந்தக் குறை அதிகம். பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளிடம் குறைவு. ஆனால் நாய்க் கண்காட்சியில் அந்தத் திட்டு ஆகாது என்று தள்ளிவிடுகிறார்கள். நல்ல வேடிக்கை!

கைதட்டினால் தெரியாதா?

தெரியாது. காது கேளாத குட்டி, மற்றக் குட்டிகள் எழுந்தால் தானும் எழும். அவை ஓடினால் தானும் ஓடும். தரை அதிர்ந்தால்கூடத் திரும்பிப் பார்க்கும். ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியோ, கைதட்டினால் உடனே திரும்பிவிடும்! வளர்ப்பவர் ஏமாந்துபோவார்.

இதற்காகவே "பேயர்" என்ற சோதனை இருக்கிறது. குட்டிக்கு 5 வாரம் ஆனதும் செய்யலாம். தலையில், தோலுக்கு அடியில், மெல்லிய ஊசிகளை வைப்பார்கள். காதில் "டிக், டிக்" என்று ஓசை கொடுப்பார்கள். காது கேட்டால் நரம்பில் மின்துடிப்பு ஓடும். கம்ப்யூட்டர் திரையில் கோடு அலை அலையாக எழும். கேட்காவிட்டால் கோடு படுத்துவிடும். இரண்டு காதுகளையும் தனித்தனியே பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்.

ஒரு காது கேட்டால்?

வீட்டுக்கு நல்ல நாயாகவே இருக்கும். சத்தம் எந்தப் பக்கம் என்றுதான் தடுமாறும். ஆனால் அதைக் குட்டி போட விடக்கூடாது. குறை குட்டிகளுக்கும் போகும். சோதிக்காமல் விட்ட நாயாலும் இந்தக் குறை பரவும்.

இரண்டு காதும் கேளாத நாயைக் கை ஜாடையால் பழக்கலாம். மோட்டார் ஹாரன் அதற்குக் கேட்காது. ஆகவே, தெருவில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. தூங்கும்போது குழந்தைகள் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். முதலில் தரையைத் தட்டி எழுப்ப வேண்டும்.

பிரிட்டனில் பல ஆண்டுகளாகக் குட்டிகளைச் சோதித்து, தாய், தகப்பனைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். 1992 முதல் 2019 வரை அங்கே இந்தக் குறை குறைந்து வந்திருக்கிறது.

நன்றாகக் காது கேட்கும் ஜோடிக்கும் சில சமயம் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு. ஆகவே டால்மேஷியன் வாங்குகிறவர்கள் தாய், தகப்பன், குட்டி மூன்றுக்கும் சோதனைச் சீட்டு கேட்க வேண்டும். சீட்டில் இரண்டு காதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.