கால்வாய்க் கல்லை யார் முடிவு செய்வது?

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது குத்தம்பாக்கம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் இந்த ஊரின் தலைவராக ஆனவர் இளங்கோ ரங்கசாமி. தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அவருடைய முதல் பதவிக்காலத்தில் ஊருக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. அரசு மதிப்பீட்டில் சொன்ன பொருளுக்குப் பதிலாக, அக்கம்பக்கத் தொழிற்சாலையில் கழிவாக ஒதுக்கிய கருங்கல் துண்டுகளை வைத்தே கட்டினார். செலவு குறைந்தது, வேலையும் உறுதியாக அமைந்தது. ஆனால் மதிப்பீட்டின்படி வேலை நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் உண்ணாவிரதம் இருந்தார். ஊர்மக்கள் கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றார்கள். பதவி திரும்பக் கிடைத்தது.

ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவரை ஓர் அதிகாரி எப்படி நிறுத்த முடியும்? சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். தலைவரை நீக்கும் நடவடிக்கைக்கு வழி சொல்லும் 205ஆம் பிரிவைப் பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லோரும் எண்ணோடு நினைவில் வைத்திருப்பார்கள். தவறு செய்யும் தலைவரைத் தட்டிக்கேட்க ஒரு வழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழி முதலில் ஊர்மக்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு மூலம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இட ஒதுக்கீடு, கிராம சபை, மாநில நிதி ஆணையம் எல்லாம் அதில் வந்தவை. கூடவே பதினொன்றாம் அட்டவணை என்று ஒரு பட்டியலும் வந்தது. வேளாண்மை, குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம் என்று 29 துறைகள் அதில் உள்ளன. பட்டியலைப் படிப்பவருக்கு இவையெல்லாம் ஊராட்சியின் கைக்கு வந்துவிட்டன என்றுதான் தோன்றும். ஆனால் 243ஜி பிரிவின் வாசகம், இவற்றை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்குக் ‘கொடுக்கலாம்’ என்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்தக் ‘கொடுக்கலாம்’ எவ்வளவு பெரியது என்பதை ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்டால் புரியும். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்தது. தன் நீதிமன்றம், திருச்சபை, கல்விமுறை மூன்றையும் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. 1997இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். 1999இல் எடின்பரோவில் அது கூடியது. அதற்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம், எவையெல்லாம் லண்டனுக்கு என்று பட்டியல் போடுகிறது: பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், குடியேற்றம் போன்றவை. பட்டியலில் இல்லாததெல்லாம் எடின்பரோவுக்கு. நம் சட்டம் தலைகீழ். கீழே உள்ளவருக்கு எவற்றைக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டு, கொடுப்பதை மேலே உள்ளவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. ஒரு நாட்டையும் ஒரு கிராமத்தையும் சமமாக வைத்துச் சொல்லவில்லை. அதிகாரத்தைப் பங்கிடும்போது மிச்சம் யாருக்கு என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தாங்கள் ஒரு மக்கள் என்ற உணர்வு முன்பே இருந்தது, அதிகாரம் பிறகு வந்தது. குத்தம்பாக்கத்தில் நடந்ததோ வேறு. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் தலித்துகளாக இருந்த அந்த ஊரும், நம் கிராமங்களைப் போலவே ஊர்த்தெரு, காலனி என்று இரண்டாகத்தான் கிடந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவதும் குடும்ப அடிதடியும் வேறு. ‘நம் ஊர்’ என்று சொன்னால் எந்தப் பாதியைச் சொல்கிறோம் என்பதே கேள்வி. 1997இல் கலைஞர் அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம் குத்தம்பாக்கத்துக்கு வந்தபோது, ஊராட்சி அதைத் தன் போக்கில் செய்தது. உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்கள், உள்ளூர் ஆட்களின் உழைப்பு, 50 இரட்டை வீடுகள். ஒவ்வொரு இரட்டை வீட்டிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுச்சுவர் இருவருக்கும் பொது. 2000இல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஊருக்கு ஓர் அடையாளம் இருந்து அதற்காக அதிகாரம் கேட்டார்கள் என்பதைவிட, கைக்கு வந்த கொஞ்சம் அதிகாரத்தை வைத்து ஒரே ஊர் என்ற அடையாளத்தைக் கட்ட முயன்றார்கள் என்பதுதான் உண்மை. குத்தம்பாக்கத்தைப் பற்றி எழுத எனக்குக் காரணமே இந்தச் சுவர்தான்.

அதிகாரப் பங்கீடு என்ற பேச்சு தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1969இல் அண்ணாவுக்குப் பின் முதல்வரான கலைஞர், மத்திய, மாநில உறவுகளை ஆராய நியமித்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இதே பொருளில் புதிய குழு அறிவிக்கப்பட்டது. டெல்லியிடம் சென்னை கேட்பதில் நியாயம் இருக்கிறது, முழுதாக ஏற்கிறேன். அதே நியாயத்தைச் சென்னையிடம் குத்தம்பாக்கம் கேட்டால் பதில் என்ன? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தபின், ஊராட்சிகளில் 2019 டிசம்பர் வரை தேர்தலே இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் நிர்வாகம். திருவள்ளூர் உட்பட 27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோதும், அடுத்த தேர்தல் நடக்காமல் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது. மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் நாம் கொதிப்போமே, அதே கொதிப்பு இதற்கும் வர வேண்டும்.

இப்போது சென்னை நகரமே மேற்கே நகர்ந்து வருகிறது. குத்தம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து நிலையத்தைக் கட்டும் பொறுப்பு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. நகரை ஒட்டிய ஊராட்சிகளை நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணைக்கும்போது குடிநீரும் சாலையும் மேம்படலாம். ஆனால் அத்தோடு கிராம சபை போய்விடும். வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினராக உட்காரும் சபை அது.

சபை இருக்கும்வரை அதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாள்கள். 3,001 முதல் 10,000 வரை மக்கள் உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவுக் கணக்கை அங்கே வாய்விட்டுக் கேட்கலாம். நீங்கள் சொன்ன தீர்மானம் எழுத்தில் ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.