பேசும்போதே கேட்க வேண்டும்

அமெச்சூர் வானொலியில் ஆசை கொண்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "துணைக்கோள் வழியாகப் பேச ஒரு செட் வேண்டும்" என்று ஒருநாள் கேட்கத்தான் செய்யும். பெற்றோர்களே, கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். கையில் உள்ள வெள்ளி வீணாகாது.

நமக்கு ஏற்ற உதாரணம் இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2. அமெச்சூர்கள் அதை ஐஓ-86 என்பார்கள். 2015 செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் ஏறிப்போனது. சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றுவதால், மலேசிய வானத்தை நாளுக்குப் பலமுறை கடக்கிறது. நாம் 145.880 மெகாஹெர்ட்ஸில் பேசுவதை வாங்கி, 435.880-இல் கீழே அனுப்பும்படி அதை அமைத்தார்கள்.

ஒரு தடவை கடக்கப் பத்து நிமிடம் போல ஆகும். அதற்குள் பல ஊர்க்காரர்கள் ஒரே வழியில் பேச வருவார்கள். பெரட்டுக் களத்தில் பத்துப்பேர் ஒன்றாகக் கத்தினால் கங்காணிக்கு யார் பெயர் விளங்கும்? நம் குரல் மேலே போய்த் திரும்பி வருவதை, பேசிக்கொண்டிருக்கும்போதே நம் காதால் கேட்டால்தான் அடுத்தவர்மேல் விழாமல் பேசலாம். இதைத்தான் ஃபுல் டியூப்ளெக்ஸ் என்கிறார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இரண்டு பேண்டும் இருக்கிறது, டூயல் வாட்ச்சும் இருக்கிறது" என்பார் கடைக்காரர். டூயல் வாட்ச் என்பது இரண்டையும் மாறிமாறிக் கேட்பதே. பேசப் பொத்தானை அழுத்தினால் காது அடைத்துவிடும். விலைமலிவான பவ்ஃபெங் யுவி-5ஆர் அப்படித்தான். கென்வுட் டிஎச்-டி72 கைப்பெட்டியில் ஃபுல் டியூப்ளெக்ஸ் இருந்தது. அதற்குப்பின் வந்த டி74-இல் இல்லை. புதியது என்பதால் மேலானது என்று எண்ணிவிடாதீர்கள்! ஐகாம் ஐசி-9700 எல்லாம் செய்யும், ஆனால் பல ஆயிரம் வெள்ளி. தோட்டத்துச் சம்பளத்துக்கு அது எதற்கு? இரண்டு சாதாரணக் கைப்பெட்டிகள் போதும்: ஒன்று பேச, மற்றொன்று கேட்க. 5 வாட் சக்தியே தாராளம். கேட்கும் பெட்டிக்கு ஹெட்போன் அவசியம். இல்லாவிட்டால் ஒலிபெருக்கிச் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடும்.

வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை ஒன்று கேட்கும்: 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435 அல்லவா? சரியான கேள்வி. பேசும் பெட்டியிலிருந்து மும்மடங்கு அலையும் கொஞ்சம் கசியும். அது 435-க்கு அருகிலேயே விழுந்து, கேட்கும் பெட்டியைச் செவிடாக்கிவிடும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஏரியல் வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடிக்கவேண்டும். ஒரே ஏரியல் என்றால் இடையில் டிப்ளெக்சர் வேண்டும்.

துணைக்கோள் நெருங்கும்போது அலை சுமார் 9 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்தும், விலகும்போது அதே அளவு தாழ்ந்தும் வரும். கேட்கும் பெட்டியை 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் இறக்கிக்கொண்டே வரலாம்.

முதலில் கேட்கும் பெட்டியை மட்டும் வாங்கிக் கொடுங்கள். பேசுவதற்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் தேர்வில் தேறி, அழைப்புக்குறி பெறவேண்டும். பேசும் பெட்டியை அதற்குப் பிறகு வாங்கலாம்.